கை பழகும் வேகம், நாண் வளரும் வேகம்

ஆடியில் கல்யாணம் கிடையாது. தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் கல்யாண மேளத்தை நம்பிப் பிழைக்கும் தவில்காரருக்கு அந்த மாதம் கை சும்மாதான் இருக்கும். ஆவணி பிறந்து முகூர்த்தங்கள் வரிசைகட்டி வந்துவிட்டால், இரவு மாப்பிள்ளை அழைப்பு, விடிகாலையில் முகூர்த்தம், மாலையில் அடுத்த ஊரில் இன்னொரு மேளம் என்று அதே கைக்கு ஓய்வே இருக்காது. மார்கழியில் மறுபடி அடங்கும். தை பிறந்ததும் மறுபடி ஏறும். மிருதங்கக்காரருக்கு இந்தக் கணக்கு தலைகீழ். கல்யாணம் இல்லாத அதே மார்கழியில்தான் சென்னைச் சபாக்கள் நிரம்பி வழிகின்றன. பாடகர் ஒரு நாளில் ஒரு கச்சேரியோடு நிறுத்திக்கொள்வார், தொண்டையைக் காக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கவாத்தியம் வாசிக்கும் இளைஞரோ மதியம் ஒரு சபா, மாலை ஒரு சபா, நடுவில் ஓர் ஒத்திகை என்று ஒப்புக்கொண்டிருப்பார். அவருடைய மணிக்கட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

தாளக் கலைஞர்களின் மூட்டு வலி என்று பேச்செடுத்தால் வயது, வாயு, பனி, எண்ணெய் தேய்க்காமல் விட்டது என்று காரணங்கள் வரும். எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது வேறு: போன மாதம் எத்தனை மணி நேரம் வாசித்தீர்கள், இந்த மாதம் எத்தனை? ஒரு கோர்வையை மூளை இரண்டு நாளில் பிடித்துக்கொள்ளும். பயிற்சி இருக்கும் தசை சில வாரங்களில் வலுவேறும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் நாண் அப்படியல்ல. அது மாதக் கணக்கில் மெல்ல மெல்லத் தேறுவது. கை கற்றுக்கொண்ட வேகத்துக்கு நாண் ஈடுகொடுக்காத அந்த இடைவெளியில்தான் தாளக் கலைஞர்கள் அடிபடுகிறார்கள்.

முதலில், அடி எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்த்துவிடலாம். வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, இடக்கையால் பிடித்துக்கொள்ளுங்கள். வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக மேசைமேல் தட்டுங்கள். விரல் அங்கே தட்ட, தசை இங்கே துள்ளும். விரல்களுக்குள் அவற்றை அசைக்கும் தசையே இல்லை. உள்ளங்கையில் சில சிறு தசைகள் உண்டு, அவை நுணுக்க வேலைக்கு. பலமான வேலை முழுவதும் முன்கைத் தசைகளுடையது; அங்கிருந்து நீண்ட நாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரல் எலும்புகளில் போய் ஒட்டுகின்றன. விரல்களை மடக்கும் நாண்கள் ஒன்பது. மணிக்கட்டின் உட்புறம், எலும்புகளுக்கும் ஒரு கெட்டியான பட்டைக்கும் நடுவே உள்ள குறுகிய வழியில் அந்த ஒன்பதும் நுழைந்தாக வேண்டும். அவற்றோடு கூடவே பத்தாவதாக ஒரு நரம்பும் போகிறது. நாண்களின் உறை கொஞ்சம் வீங்கினாலும் நசுங்குவது அந்த நரம்புதான்.

இனி மிருதங்கத்தின் ‘நம்’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆள்காட்டி விரல் வலந்தலையின் ஓரத்து மீட்டுத் தோலில் சட்டென்று அடித்து விலகுகிறது. அந்தக் கணத்தில் மோதிர விரல் நடுவிலுள்ள கரிய கரணையின் ஓரத்தை மெல்லத் தொட்டபடி இருக்க வேண்டும். அழுத்தினால் நாதம் செத்துவிடும், தொடாவிட்டால் சுருதி சேராது. தோலின் அடிப்படை அதிர்வை அந்தத் தொடுகை அடக்கி, மேலுள்ள சுரங்களை மட்டும் ஒலிக்க விடுகிறது. நம் தாள வாத்தியங்களின் கரிய கரணை இசைவான மேல்சுரங்களைத் தருவதை சி. வி. ராமன் 1920-லேயே ‘நேச்சர்’ இதழில் எழுதினார். காதுக்கு இது ஒரே ஒலி. கைக்கோ ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலை: ஒரு விரல் முழு வேகத்தில் பாய வேண்டும், இரண்டு விரல் தள்ளி இன்னொன்று பாரமில்லாமல் கிடக்க வேண்டும். உடலமைப்பு இதற்கு உதவுவதில்லை. ஆள்காட்டி விரலை நீட்டத் தனித் தசை உண்டு; மோதிர விரலுக்கு அப்படித் தனித்தசை கிடையாது, அக்கம்பக்க விரல்களோடு சேர்ந்துதான் அது இயங்கும். ஆகவே பழகாத கை என்ன செய்கிறதென்றால், மோதிர விரலை அசையாமல் வைக்க முன்கை முழுவதையும் இறுக்கிக்கொள்கிறது. வலியின் முதல் விதை அங்கே விழுகிறது.

இந்த இறுக்கத்தைக் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். மேற்கத்திய டிரம் வாசிப்பவர்களுக்கு உலகின் அதிவேக டிரம்மர் என்றொரு போட்டி உண்டு. அதில் வென்றவரின் மணிக்கட்டுத் தசைகளை ஜப்பானிய ஆய்வாளர் ஷின்யா ஃபூஜியும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். போட்டியில் வென்ற அவர் ஒரே கையில் குச்சியைப் பிடித்து வினாடிக்குப் பத்து அடி அடித்தார். மணிக்கட்டை மடக்கும் தசை, நிமிர்த்தும் தசை இரண்டிலும் மின் அசைவைப் பதிவு செய்தபோது, டிரம் பழகாதவர்களின் கையில் இரண்டு தசைகளும் ஒரே நேரத்தில் இறுகியிருந்தன. வென்றவரின் கையில் ஒன்று இறுகும்போது மற்றது தளர்ந்தது, அது இறுகும்போது இது தளர்ந்தது. வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் ஒவ்வொரு தசைக்கும் ஓய்வு கிடைத்துக்கொண்டே இருந்தது.

“கையை இறுக்காதே, விட்டு வாசி” என்று குருமார்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்ததன் உடலியல் இதுதான். இரண்டு தசைகளும் சேர்ந்து இழுக்கும்போது அடி வலுப்பதில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட மூட்டு நசுங்குகிறது, நாண் வீணாகத் தேய்கிறது. மேல்காலத்தில் சிக்கும் மாணவன் வேகம் போதவில்லை என்று இன்னும் பலமாக அடிப்பதை நான் பல வகுப்புகளில் பார்த்திருக்கிறேன். அவனுக்கு வேண்டியது அதிக பலமல்ல, அடிக்கும் அடிக்கும் நடுவே விடுகிற திறமை. கீழ்க்காலத்தில் மாதக் கணக்காகச் சாதகம் செய்யச் சொல்லும் பழைய பாடமுறைதான் அதைக் கற்றுத் தருகிறது.

ரஷ் குழுவின் டிரம்மர் நீல் பியர்ட் இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று. உலகப் புகழின் உச்சியில், நாற்பது வயதைக் கடந்த பிறகு, 1990-களில் ஃபிரெடி குரூபர் என்ற ஆசிரியரிடம் போய் அடிப்படையிலிருந்து மறுபடி கற்றார். குச்சி பிடிக்கும் முறை, உட்காரும் உயரம், அடிக்கும் அடிக்கும் நடுவே கை போகும் பாதை எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு இருபது ஆண்டு மேடையில் வாசித்தார். நாண் வலி அவரையும் விட்டுவிடவில்லை, 2015 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் கடைசிக் கச்சேரி வாசித்தபோது கையும் பாதமும் வருத்திக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அந்த இருபது ஆண்டு சும்மா கிடைத்ததல்ல.

இனி நாணின் மந்த வேகத்துக்கு வருவோம். இதை அறிய உதவியது அணுகுண்டு. 1950-களின் நடுவிலிருந்து 1963 வரை வல்லரசுகள் திறந்த வெளியில் அணு ஆயுதங்களை வெடித்துச் சோதித்தபோது காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரட்டிப்பானது. 1963 உடன்படிக்கைக்குப் பிறகு அது ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்தது. செடி அதை இழுக்கும், செடியை நாம் தின்போம். ஆகவே அந்தந்த ஆண்டில் உடலில் உருவான திசு அந்தந்த ஆண்டின் அளவைத் தாங்கி நிற்கும். டென்மார்க் ஆய்வாளர்கள் பல வயதினரின் குதிகால் நாண்களை எடுத்து இந்த அளவைப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான முடிவு மருத்துவர்களையே வியக்க வைத்தது. நாணின் நடுப்பகுதி, அந்த மனிதர் பதினேழு வயதுக்குள் வளர்ந்துகொண்டிருந்தபோது காற்றில் இருந்த அளவையே காட்டியது. அதன் பிறகு அந்த நடுப்பகுதி அநேகமாகப் புதுப்பிக்கப்படவே இல்லை. அதே மனிதர்களின் தசையோ தொடர்ந்து புதிதாகிக்கொண்டிருந்தது.

குதிகால் நாணில் கண்டது விரல் நாணுக்கும் எழுத்துக்கு எழுத்து பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாண் என்ற பொருளின் குணம் தெரிகிறது. அறுபது வயது வித்வானின் கையில் உழைக்கும் நாணின் மையம் அவர் பள்ளி நாட்களில் நெய்ததாகவே இருக்கலாம். அதைக் கிழித்துவிட்டுப் புதிது வாங்க முடியாது. வாசிப்புக்குப் பிறகு நாணுக்குள் கொலாஜன் இழைகள் உடைவதும் கட்டப்படுவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. முதல் ஒன்று, ஒன்றரை நாள் உடைவதே அதிகம், அதன் பிறகுதான் கட்டுமானம் மிஞ்சும். கடும் வாசிப்புக்கு மறுநாளே இன்னொரு கடும் வாசிப்பு வந்தால் கணக்கு பற்றில் முடிகிறது. ஒரு நாள் இப்படி ஆனால் ஒன்றும் குடி முழுகாது. மூன்று வாரம் தொடர்ந்து இப்படி ஆவதைத்தான் சீசன் என்கிறோம்.

ஆகவே சீசனுக்குத் தயாராவது என்றால் புதுக் கோர்வை கட்டுவது மட்டுமல்ல. டிசம்பரில் நாளுக்கு ஐந்து மணி நேரம் வாசிக்கப் போகிற கை, செப்டம்பரிலிருந்தே வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஐந்து மணியை நோக்கி ஏறியிருக்க வேண்டும். ஓட்டப் பந்தய வீரர்கள் யாரும் மாரத்தானுக்கு முந்தின வாரம் ஓடத் தொடங்குவதில்லை.

நாண் வலிக்குத் தனித்தனி முகவரி உண்டு. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரமாக வலித்து, கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் சுரீரென்றால், அது 1895-இல் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி குவெர்வைன் விவரித்த உறை அழற்சி. குச்சியைக் கட்டைவிரலால் நெரித்துப் பிடிப்பவர்களுக்கு, அதாவது தவிலின் தொப்பிப் பக்கத்துக் கைக்கு, இது வரக்கூடியது. முழங்கையின் வெளிப்புறம் வலித்தால் மணிக்கட்டை நிமிர்த்தும் தசையின் வேரில் சிக்கல். காலையில் எழுந்ததும் ஒரு விரல் மடங்கியபடி மாட்டிக்கொண்டு ‘டக்’கென்று விடுபட்டால் நாண் தன் வளையத்துக்குள் தடிமனாகிவிட்டது என்று பொருள்.

நரம்பின் புகார் பெரும்பாலும் வலியைவிட மரமரப்பாகவே வரும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவை மட்டும் மரத்துப்போய், இரவில் விழிப்புத் தட்டிக் கையை உதறத் தோன்றினால், மணிக்கட்டின் அந்தக் குறுகிய வழியில் நரம்பு நசுங்குகிறது. சுண்டு விரலும் மோதிர விரலின் மறுபாதியும் மரத்தால் அது வேறொரு நரம்பு. முழங்கையின் பின்புறமோ, உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க மேட்டிலோ அடிபடுகிறது. அந்த மேட்டால் ஓங்கி அறைகிறவர்களுக்கு அடியில் ஓடும் தமனியே கெடலாம். சுத்தியலுக்குப் பதில் உள்ளங்கையால் தட்டி வேலை செய்யும் தொழிலாளர்களிடம் முதலில் கவனிக்கப்பட்ட நோய் இது. விரல் நுனி வெளுத்துக் குளிர்ந்துபோனால் தாமதிக்கவே கூடாது.

வெறுங்கையால் தோலை அறைவதன் வேகம் எவ்வளவு என்பதற்கு ஒரு பழைய மருத்துவக் குறிப்பு போதும். காங்கா என்ற கியூபா நாட்டு முரசை நெடுநேரம் வாசித்த பின் சிறுநீர் செந்நிறமாகப் போனதை 1974-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. உள்ளங்கையின் நுண்குழாய்களில் ஓடும் இரத்தச் சிவப்பணுக்கள் ஒவ்வோர் அடியிலும் நசுங்கி உடைகின்றன, அவற்றின் நிறமி சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. கனத்த பூட்ஸோடு நெடுந்தூரம் நடந்த படைவீரர்களுக்கும் இதே கதி நேர்ந்ததுண்டு. தவில்காரருக்கு இந்த விஷயத்தில் பாதுகாப்பு உண்டு. அவர் வலக்கை விரல்களைப் பாருங்கள். துணியில் பசை தடவி விரல் விரலாகச் சுற்றி, காயவைத்துக் கல்போல் இறுகிய கூடுகள். சத்தத்துக்காக மாட்டுவது என்று நினைக்கிறோம். விரல் நுனியின் எலும்பையும் நகத்தையும் அவைதான் காக்கின்றன. ஆனால் கூட்டில் வந்து மோதும் அதிர்ச்சி மறைந்துபோவதில்லை. அது மேலே விரல் மூட்டுகளுக்கும் மணிக்கட்டுக்கும் போகிறது. கூடு தளர்ந்து ஆடினால் அதை நழுவாமல் வைக்க விரல்கள் விறைத்துக்கொள்ளும். நன்றாகப் பொருந்திய கூடு பாதி மருத்துவம்.

கையில் வரும் மரமரப்புக்குக் காரணம் கையிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. டிரம்மரும் பாடகருமான ஃபில் காலின்ஸ் 2007-இல் ஜெனிசிஸ் குழுவோடு சுற்றுப்பயணம் போனபோது கழுத்து முள்ளெலும்பில் அடிபட்டது. 2009-இல் அறுவைச் சிகிச்சை நடந்தது, விரல்களில் உணர்வு திரும்பவில்லை. அடுத்த இசைத்தொகுப்புக்குக் குச்சியைக் கையோடு டேப் போட்டு ஒட்டிக்கொண்டு வாசித்தார். 2022-இல் அந்தக் குழுவின் கடைசிக் கச்சேரியில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாட, மகன் நிக் டிரம் வாசித்தார். கைக்குப் போகும் நரம்புகள் எல்லாம் கழுத்தில்தான் புறப்படுகின்றன. தவிலின் வாரை ஒரே தோளில் மாட்டி, கழுத்தை நாகஸ்வரக்காரர் பக்கம் திருப்பியபடி வீதியுலாவில் மணிக்கணக்காக நிற்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். கழுத்தைத் திருப்பும்போது கையில் மின்னல் போல் ஓடினால் மணிக்கட்டில் பட்டை கட்டிப் பயனில்லை.

மிருதங்கத்தின் பாரம் காலில் இறங்குகிறது. வலது கால் சற்று நீண்டு, பாதத்தின் மேலும் கணுக்காலின் மேலும் வாத்தியம் கிடக்க, இடக்கால் மடங்கி அதை அணைத்திருக்கும். பலாமர உடல் சாதாரண கனமல்ல. இரண்டரை மணி நேரம் இப்படி, இரு பக்கமும் சமமில்லாமல், உட்காருவது முழங்காலுக்கும் இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் சோதனை. மூட்டுக் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டு மடங்கி நிமிரும்போது உள்ளே இருக்கும் திரவம் பிழிந்து ஊறுவதுதான் அதற்குச் சாப்பாடு. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது. தனி ஆவர்த்தனம் முடிந்து துக்கடாவுக்கு முன் காலை ஒரு தடவை மாற்றி வைப்பது மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்கக் கூடாது. மேடை போடுபவர்கள் சிறு மெத்தையோ திண்டோ தருவதும் பெரிய செலவில்லை. உமையாள்புரம் சிவராமன் எண்பது வயதைக் கடந்தும் மேடையில் வாசித்தார் என்பது நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம்பிக்கை தருகிறது. கண்ணாடி இழை மிருதங்கத்தை உருவாக்கிப் பார்த்தவரும் அவர்தான். வாத்தியத்தின் உடலை மாற்றலாம் என்று ஒரு பெரிய வித்வானே துணிந்தார் என்றால், உட்காரும் முறையைச் சற்று மாற்ற மற்றவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

வாசிப்பால் வராத வலிகளும் உண்டு. அவற்றை வாசிப்பின் தலையில் கட்டினால் காலம் வீணாகும். 2006-இல் சிக்குன்குனியா பரவியபோது தமிழ்நாட்டில் காய்ச்சல் போன பின்னும் மாதக் கணக்கில் மணிக்கட்டும் விரல் மூட்டும் கணுக்காலும் வலித்துக் கிடந்தவர்கள் ஏராளம். தாளக் கலைஞருக்கு அது பிழைப்பையே நிறுத்தும் நோய். காய்ச்சல் வந்து போனதை மருத்துவரிடம் சொல்லத் தவறக் கூடாது. இரண்டு கையிலும் விரல் முட்டிகள் வீங்கி, காலையில் ஒரு மணி நேரமாவது விறைப்பு விடாமல், அது ஆறு வாரம் நீடித்தால் முடக்குவாதமாக இருக்கலாம். உடலின் காவல் படையே மூட்டைத் தாக்கும் அந்த நோய்க்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன, தொடக்கத்திலேயே ஆரம்பித்தால் மூட்டைக் காப்பாற்றலாம். சர்க்கரை நோயும் கைக்குப் பகை. தோள் இறுகிப்போவது, விரல் மாட்டிக்கொள்வது, மணிக்கட்டு நரம்பு நசுங்குவது மூன்றுமே சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம். தமிழ்நாட்டில் பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. தோளைத் தூக்க முடியாத மிருதங்கக்காரர் எலும்பு மருத்துவரைப் பார்க்கும்போதே இரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுவது நல்லது.

எல்லாவற்றிலும் மனதை வருத்துவது வலியே இல்லாத ஒரு கோளாறு. வாசிக்க உட்கார்ந்தால் மட்டும் ஒரு விரல் தானாக மடங்கும், அல்லது விறைத்து நிற்கும். சாப்பிடும்போதும் எழுதும்போதும் அதே விரல் ஒழுங்காக இருக்கும். நூறு இசைக்கலைஞரில் ஏறக்குறைய ஒருவருக்கு இது வருவதாக மதிப்பிடுகிறார்கள். பல்லாயிரம் மணி நேரப் பயிற்சியில் மூளைக்குள் பக்கத்து விரல்களின் வரைபடங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுவது இதன் ஒரு பகுதி. பியானோ மேதை லியோன் ஃபிளைஷருக்கு 1960-களின் நடுவில் வலக்கையின் இரண்டு விரல்கள் இப்படிச் சுருண்டுகொண்டன. முப்பது ஆண்டுகள் போராடி, இடக்கைக்கு மட்டும் எழுதிய இசையை வாசித்துக்கொண்டிருந்த பிறகே இரு கையாலும் மேடைக்குத் திரும்பினார். இது வந்தவருக்குச் சோம்பல், பயம், சாதகக் குறைவு என்று பட்டம் கட்டி, இன்னும் நான்கு மணி நேரம் வாசி என்று விரட்டுவது கொடுமை. அதிகம் வாசித்தால் இது அதிகமாகும். நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம்.

வலி வந்தாயிற்று, நாளை கச்சேரி. என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மெடிக்கலில் வலி மாத்திரை ஒன்று, மேலே தடவத் தைலம், மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ். ஓர் அவசரத்துக்கு மாத்திரை போடுவதைக் குற்றம் சொல்ல மாட்டேன். நாள்தோறும் மேடைக்கு முன் மாத்திரை என்ற பழக்கம்தான் ஆபத்து. வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் ஒரு பக்கம். வலி சொல்ல வந்த செய்தியைக் கேட்காமல் கெட்ட நாணின் மேலேயே தனி ஆவர்த்தனம் வாசிப்பது மறுபக்கம்.

அடுத்தது ஊசி. ஸ்டீராய்டு ஊசி போட்டால் ஒரு வாரத்தில் வலி பறந்துவிடும், அதனால் அதற்கு நல்ல பெயர். ஆஸ்திரேலியாவில் முழங்கை நாண் வலி உள்ள 198 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஊசி, ஒன்றுக்கு இயன்முறைப் பயிற்சி, ஒன்றுக்குப் பொறுத்திருக்கச் சொல்லி ஓராண்டு கவனித்தார்கள். 2006-இல் முடிவு வந்தது. ஆறாம் வாரத்தில் ஊசி போட்டவர்களே மிகவும் சுகமாக இருந்தார்கள். ஆண்டு முடிவில் அவர்களில் பலருக்கு வலி திரும்பி, பயிற்சி செய்தவர்களைவிட மோசமாக இருந்தார்கள். விரல் மாட்டிக்கொள்ளும் நோய்க்கும் மணிக்கட்டு நரம்புக்கும் ஊசிக்கு இடமுண்டு, அங்கே கணக்கு வேறு. முழங்கைக்கு, அதுவும் சீசனுக்கு முன் ‘ஒரு ஊசி போட்டுக்கொண்டு ஓட்டிவிடலாம்’ என்பதற்கு, நான் ஒருபோதும் ஆதரவாகச் சொல்ல மாட்டேன்.

முழு ஓய்வும் சரியான மருந்தல்ல. பாரமே படாத நாண் மேலும் நலிகிறது. வேண்டியது குறைத்த பாரம்: வலி மிஞ்சாத அளவுக்கு மெதுவாக, சிறிய எடை கொண்டு மணிக்கட்டை மேலிருந்து கீழே இறக்கும் பயிற்சி, வாரக் கணக்கில் எடையை ஏற்றிக்கொண்டு போவது. இயன்முறை மருத்துவர் சொல்லித் தருவார். பன்னிரண்டு வாரம் பிடிக்கும் என்றால் பன்னிரண்டு வாரம் பிடிக்கும்.

அந்த வாரங்களில் சாதகம் போய்விடுமே என்ற பதற்றம்தான் பலரை முன்கூட்டியே வாத்தியத்தின் முன் உட்கார வைக்கிறது. இங்கே நம் மரபில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. மிருதங்கமும் தவிலும் முதலில் வாயால் கற்கப்படுகின்றன. தத்தகாரமும் சொற்கட்டும் தெரியாமல் கை வாத்தியத்தைத் தொடுவதில்லை. 1995-இல் பாஸ்குவல்-லியோன் என்ற நரம்பியலாளரும் சகாக்களும் பியானோ தெரியாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு குழு நாளுக்கு இரண்டு மணி நேரம் ஐந்து நாள் வாசித்தது. இன்னொரு குழு பியானோ முன் உட்கார்ந்து, விரலை அசைக்காமல், மனதுக்குள் மட்டும் வாசித்தது. மூளையில் விரல்களை இயக்கும் பகுதி இரண்டு குழுவுக்கும் விரிந்திருந்தது. மனதால் பயின்றவர்கள் வாசிப்பில் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள். ஒரே ஒரு நாள் விரலால் வாசித்ததும் அநேகமாக எட்டிப் பிடித்துவிட்டார்கள். மணிக்கட்டு ஆறும் காலத்தில் கொன்னக்கோல், அதாவது சொற்கட்டை வாயால், சொல்பவர் வெறுமனே பொழுது போக்கவில்லை. சொல்லும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த விரல், எந்த இடம் என்று மனதில் பார்த்தபடி சொன்னால் கையின் வரைபடம் அழியாமல் இருக்கும். தாளத்தைத் தொடையில் ஓங்கித் தட்ட வேண்டாம், வலியில்லாத கையால் மெல்லப் போட்டால் போதும்.

திரும்பி வாசிக்கத் தொடங்கும்போது அளவுகோல் மறுநாள் காலை. வாசிக்கும்போது லேசாக வலித்து, இரவுக்குள் அடங்கி, காலையில் முந்தின நாளைப் போலவே இருந்தால் அந்த அளவு தாங்கும். காலையில் விறைப்பு கூடியிருந்தால் நேற்று மிஞ்சிவிட்டது. பாதியாகக் குறைக்க வேண்டும். முதல் வாரங்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பத்து நிமிடம், கீழ்க்காலம், சத்தம் குறைவாக. நேரத்தை முதலில் கூட்ட வேண்டும், வேகத்தை அதற்குப் பிறகு, சத்தத்தைக் கடைசியில். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், காரணம் சத்தம்தான் கை நலமாகிவிட்டது என்று நம்ப வைக்கிறது.

வெளியே சொல்லத் தயங்குவது இந்தத் தொழிலின் பெரிய நோய். “அவருக்குக் கை போயிடுச்சாம்” என்று ஒரு பேச்சு பரவினால் அடுத்த சீசனில் அழைப்பு வராது என்ற பயம் வீண் பயமல்ல. வாசித்தால்தான் பணம், விடுப்பு என்ற ஏற்பாடே இல்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மேடைக் கலைஞர்களுக்கென்றே மருத்துவ அமைப்புகள் பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன. விளையாட்டு வீரருக்கு மருத்துவர் மைதானத்தின் ஓரத்திலேயே நிற்கிறார். அரங்கு நிறையப் பணம் வசூலிக்கும் சபாக்கள் சீசனில் ஒரு மாதத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவரை அமர்த்த முடியாதா என்ன? முடியும். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

அதுவரை, நம் ஊர் எலும்பு மருத்துவரிடம் போகும்போது ஒன்று செய்யலாம். வாத்தியத்தையும் தூக்கிக்கொண்டு போங்கள். மிருதங்கம் எப்படி வாசிப்பது என்று மருத்துவக் கல்லூரியில் சொல்லித் தருவதில்லை. ‘கை வலிக்கிறது’ என்றால் எல்லோருக்கும் எழுதும் அதே சீட்டுதான் கிடைக்கும். தரையில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் வாசித்துக் காட்டுங்கள். எந்தச் சொல்லில் வலிக்கிறது என்று சொல்லுங்கள். ‘நம்’மில் வலித்தால் ஆள்காட்டி விரலின் நாணையும், சுண்டு விரலால் அடிக்கும் சாப்பில் மரத்தால் அந்தப் பக்கத்து நரம்பையும், தொப்பியில் கும்கி கொடுக்க அழுத்தும்போது குத்தினால் இடது மணிக்கட்டின் மூட்டையும் அவர் தேடுவார். தவில்காரர் வாரை மாட்டிக்கொண்டே நிற்கட்டும், தோள் எவ்வளவு சாய்கிறது என்று மருத்துவர் பின்னாலிருந்து பார்க்கட்டும். போன மூன்று மாதத்தில் எந்தெந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் வாசித்தீர்கள் என்று டைரியிலிருந்து எழுதி எடுத்துப் போனால் எக்ஸ்ரேயில் தெரியாத பலவும் அதில் தெரியும்.